பசைத் தடம்

என் அண்ணி எதையும் துவைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். புதுத் துணியைப் போடுவதற்கு முன் ஒரு முறை அலசுவது எல்லோரும் செய்வதுதான். இவள் திரைச்சீலை, தலையணை உறை, பை என்று எது வீட்டுக்குள் வந்தாலும் வாளியில் முக்கியெடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குற்றவாளியைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பாள். கல்யாணமான புதிதில் என் அண்ணனையும் இப்படித்தான் அலசிக் காயப்போட்டாள் என்று நான் உறவுக்காரர்களிடம் சொல்வதுண்டு. அது அவள் காதுக்குப் போனது. "உங்க அண்ணனுக்குச் சாயம் போகல, கொஞ்சம் சுருங்கிட்டார், அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. எங்கள் நாத்தனார் உறவு இந்த அழகில்தான் இருந்தது.

பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேஜையில் பல வருஷம் நின்றவள். தைத்து வரும் சட்டையைத் திருப்பி, தட்டி, இழுத்து, ஓட்டை இருந்தால் ஓரமாக எறிய வேண்டும். கம்பெனியை மூடியதும் வீட்டு முன்னறையிலேயே டி-ஷர்ட்டில் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தாள். கடைக்குத் தன் பெயரையே வைத்தாள். அந்தப் பெயரைச் சிவப்பு எழுத்தில் அடித்த ஏப்ரனை மாட்டிக்கொண்டுதான் காலையில் அறைக்குள் நுழைவாள். நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். என் வேலை, மிஷின் எழுத்தெழுத்தாக வெட்டித் தரும் பசை வைத்த பிளாஸ்டிக் ஷீட்டில் களை எடுப்பது. வேண்டாத பகுதியை நுனி வளைந்த ஊசியால் கெல்லி எடுத்தால் எழுத்து மட்டும் நிற்கும். அதைச் சட்டைமேல் வைத்துச் சூடான ஹீட் பிரஸ்ஸில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஸ்டிக்கர் பிரிண்ட் என்று எங்கள் பேச்சில் பெயர்.

அண்ணனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே மூஞ்சி கோணும். அவன் ஸ்கிரீன் பிரிண்டிங்காரன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன்மேல் மை, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. மை நூலுக்குள் இறங்கிவிடும், துணி கிழிந்தாலும் பிரிண்ட் போகாது என்பான். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள், உன் ஸ்டிக்கர் புளுகு எட்டுச் சலவை" என்று அண்ணியைச் சீண்டுவான். அண்ணியும் விடமாட்டாள். "பதினோரு பேருக்குப் பதினோரு பேர் அடிக்கணும்னா பதினோரு வலை கட்டுவீங்களா? கட்டி முடிக்கிறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு கப்பே குடுத்துருவாங்க" என்பாள். இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால்தான் சண்டை ஓயவில்லை. முன்னறையிலோ இடம் கொஞ்சம். ஸ்கிரீன் மேஜையைப் போட்டால் பிரஸ்ஸுக்கு இடமில்லை, பிரஸ்ஸைப் போட்டால் மேஜை வாசலில்தான் கிடக்க வேண்டும்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தவற ஆரம்பித்தது. முதலில் சாவி எங்கே என்பது மறந்தது, பிறகு சாவி எதற்கு என்பதே மறந்தது. ஒரு கட்டத்தில் பெற்ற மகள் நான் யார் என்பதும் போய்விட்டது. ஆனால் கதவு திறந்திருந்தால் வெளியே போக வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. இரண்டு முறை தொலைந்து, இரண்டு முறையும் தெரிந்தவர் யாரோ கூட்டி வந்து விட்டார்கள். மூன்றாம் முறையும் தெரிந்தவரே கண்ணில் படுவார் என்று எந்த நம்பிக்கையில் இருப்பது?

அண்ணிதான் யோசனை சொன்னாள். அவர் போடும் டி-ஷர்ட் ஒவ்வொன்றிலும் அவளுடைய போன் நம்பரைப் பெரிதாக அடித்துவிடலாம் என்றாள். "முதுகில போடலாமே" என்றேன். "முதுகுல போட்டா பின்னாடி வர்றவன்தான் பார்ப்பான். நெஞ்சுல போட்டா பேசுறவன் பார்ப்பான்" என்றாள். சரிதான் என்று பட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் என் அண்ணி இல்லையே! சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி நான்கு சட்டை எடுத்தாள். துணி ஒன்றாக இருந்தால்தான் சோதனை சோதனையாக இருக்குமாம். ஒன்றில் அண்ணனை ஸ்கிரீன் போடச் சொன்னாள். ஒன்றில் ஸ்டிக்கர். ஒன்றில், நம்பரை வெளியே பிலிமில் அடித்து வாங்கி, அதை வைத்து அழுத்தினாள். நான்காவது, காகிதத்திலிருந்து சாயத்தைச் சூட்டில் துணிக்கு ஏற்றும் முறை. பருத்தித் துணியில் நிற்காது என்று எல்லோரும் சொன்னார்கள், அவள் கேட்கவில்லை, இரண்டு அலசலில் நம்பர் காணாமல் போய் அந்தச் சட்டை மேஜை துடைக்கும் துணியானது. மற்ற மூன்றையும் அப்பா மாற்றி மாற்றிப் போட்டார். அண்ணி மாற்றி மாற்றித் துவைத்தாள். எது கடைசிவரை நிற்கிறதோ அதுதான் இனிமேல் கடையின் முறை என்று முடிவு.

என் அப்பா உடம்பில் சோதனை நடக்கிறது என்று எனக்கு அப்போதே உள்ளுக்குள் புகைச்சலாகத்தான் இருந்தது. நம்பர் இருந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

ஒரு நாள் விளையாட்டு கிளப் ஒன்றின் செக்ரட்டரி காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தார். அணி மொத்தத்துக்கும் சட்டை வேண்டும், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு எண். ஸ்கிரீனா ஸ்டிக்கரா என்று சொன்னால்தான் அவர் கமிட்டியில் ஒப்புதல் வாங்க முடியும். அண்ணியும் அண்ணனும் அறை நடுவில் நின்று ஆரம்பித்தார்கள்.

"ஸ்டிக்கர் உரியுது. நீயேதான் சொன்னே. அப்பா சட்டையில முதல் நம்பர் பாதி தூக்கிட்டு நிக்குது" என்றான் அண்ணன்.

"அது பிரஸ்ஸோட இடது மூலையில சூடு கம்மி. சரி பண்ணிட்டேன்."

"அடுத்த நம்பரும் தூக்கிருக்கே, அதுவும் மூலையா?"

அண்ணி பிரஸ்ஸின் மூலையைக் குனிந்து பார்த்தாள். அவள் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜெயித்த வேகத்தில் அண்ணன் வாசலில் கிடந்த ஸ்கிரீன் மேஜையை அப்போதே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று கிளம்பினான். கதவு இரண்டையும் விரியத் திறந்தான். நான் ஒரு பக்கம் தூக்கினேன். மேஜை நிலையில் சிக்கியது. இப்படிச் சாய், அப்படித் திருப்பு, காலில் போடாதே என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கடைசியில் மேஜை உள்ளே வந்தது. "எங்கேயும் இடிக்கலையே?" என்று திரும்பிப் பார்த்தான் அண்ணன்.

அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

பின்பக்கம் போயிருப்பார் என்றேன். குளியலறையில் பார்த்தோம். மாடிப்படியில் பார்த்தோம். கட்டிலுக்கு அடியில்கூட நான் குனிந்து பார்த்தேன். பயம் வந்தால் மனுஷனுக்குப் புத்தி அப்படித்தான் போகும். மேஜையோடு நாங்கள் மல்லுக்கட்டியபோது எங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறார். மூன்று பேரில் ஒருவருக்கும் கண் இல்லை.

"எந்தச் சட்டை போட்டிருக்கார்?" என்றான் அண்ணன்.

அண்ணி பின்வாசலுக்கு ஓடினாள். கொடியில் இரண்டு சாம்பல் சட்டை முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கின. முதல் சட்டையைத் திருப்பினாள். ஸ்கிரீன். நம்பர் முழுசாக இருந்தது. அடுத்த சட்டையை அவள் தொடவில்லை. நான்தான் திருப்பினேன். பிலிம். அதிலும் நம்பர் முழுசாக இருந்தது. முழுசாக உள்ள இரண்டும் கொடியில் தொங்க, உரிந்துகொண்டிருந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு அப்பா தெருவில் இருக்கிறார்.

"உரியுதுன்னு தெரிஞ்சும் அதையா போட்டு விட்டீங்க?" என்றேன்.

"நான் போட்டு விடல. திரும்ப அழுத்தணும்னு தனியா எடுத்து வெச்சிருந்தேன். அவரே எடுத்துப் போட்டுக்கிட்டார். கழட்டச் சொன்னா அடம். அந்தச் சட்டைதான் வேணுமாம்."

எனக்கு அதை நம்பப் பிடிக்கவில்லை. நின்று சண்டை போட நேரமில்லை. அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் டெப்போவுக்குப் பறந்தான். அப்பா பல வருஷம் கையெழுத்துப் போட்ட இடம், கால் தானாக அங்கேதான் போகும் என்று மூன்று பேருக்கும் தோன்றியது. அண்ணியும் நானும் தெருத் தெருவாகப் போனோம். அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். மளிகைக் கடைக்காரர் பார்க்கவில்லை என்றார். சலவைக் கடைக்காரர் ஒரு பெரியவர் போனார் என்றார், எந்தப் பக்கம் என்று கேட்டால் இரண்டு பக்கமும் கை காட்டினார்.

போன் அடித்தது. அண்ணி அவசரமாகக் காதில் வைத்தாள்.

"மேடம், ஸ்கிரீனா ஸ்டிக்கரா, ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா…" கிளப் செக்ரட்டரி.

"அப்புறம் கூப்பிடுறேன் சார்" என்று வைத்தாள்.

அண்ணன் டெப்போவிலிருந்து பேசினான். அங்கே இல்லை. வாட்ச்மேன் புது ஆள், அப்பாவைத் தெரியாது. உள்ளே நிற்கும் பஸ் எல்லாவற்றிலும் ஏறிப் பார்த்துவிட்டானாம். எங்கள் கையில் இருந்த ஒரே யோசனையும் போயிற்று. அதற்குப் பிறகு ஊர் பெரிதாகிவிட்டது. எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், அவர் பக்கத்துச் சந்தில் போய்க்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

பெரிய சாலைச் சந்திப்புக்கு வந்தபோது நடுவில் கூட்டம். வண்டிகள் நின்றிருந்தன. யாரோ "தண்ணி குடுங்க, தண்ணி" என்றார்கள். அண்ணிதான் ஓடினாள். நான் சாலை ஓரத்திலேயே நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆட்களை விலக்கி உள்ளே போனாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அப்பாவைச் சாகக் கொடுத்து, அழுது, அண்ணியை மன்னிக்கவே மாட்டேன் என்று சத்தியமும் பண்ணி முடித்துவிட்டேன். அவள் வெளியே வந்து, அப்பா இல்லை என்று தலையை ஆட்டினாள். பைக்கில் வந்த ஒருவன் சறுக்கி விழுந்திருக்கிறான், முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

பயம் அடங்கியதும் ஆத்திரம் வந்தது. வாகனமெல்லாம் ஹாரன் அடிக்க, நான் நடுச்சாலையில் ஆரம்பித்தேன்.

"என் அப்பா உங்களுக்கு என்ன, துவைச்சுப் பார்க்கிற துணியா? மனுஷன் நெஞ்சுல நம்பர ஒட்டிட்டு, இன்னிக்கு எவ்வளவு உரிஞ்சுது, நாளைக்கு எவ்வளவு உரியும்னு வேடிக்க பார்த்தீங்களே. அவர் உங்க மாமனார்தானே, உங்க அப்பாவா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

அண்ணி திருப்பிச் சொல்லியிருக்கலாம். அப்பாவைத் தினமும் குளிப்பாட்டிவிட்டது அவள். இரவில் எழுந்து உட்காரும்போது கூட உட்கார்ந்தது அவள். நான் மாலையானால் பையை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்குப் போய்விடுவேன்.

"திட்டு" என்றாள். "ஆனா நடந்துகிட்டே திட்டு. நின்னா நேரம் போகுது."

நடந்தோம். எனக்குத் திட்ட வரவில்லை.

மறுபடியும் போன். மறுபடியும் செக்ரட்டரி. அண்ணி அவரிடம் நிதானமாகவே பேசினாள். "சார், என் மாமனாரைக் காணோம். இந்த நம்பர்தான் அவர் சட்டையில இருக்கு. நீங்க பேசுற நேரம் வேற யாராவது கூப்பிட்டா லைன் கிடைக்காது. தயவுசெஞ்சு வைங்க." அவர் உடனே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போன் அடிக்கவே இல்லை. ஓயாமல் அடித்தபோது எரிச்சலாக இருந்த அந்தச் சனியன் இப்போது அடிக்காதா என்று இருந்தது.

அண்ணி அடிக்கடி போனின் முகத்தைத் துடைத்தாள். உள்ளங்கை வியர்வை. "முதல் ரெண்டு நம்பர் போயிருந்தாலும் மீதிய வெச்சு யாராவது முயற்சி பண்ணுவாங்க இல்ல?" என்றாள். என்னைத்தான் கேட்டாள். ஆறுதல் சொல்லத் தெரியாதவள் ஆறுதல் கேட்கிறாள். "பண்ணுவாங்க அண்ணி" என்றேன். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. முன்பின் தெரியாத கிழவருக்காக யார் பாதி நம்பரை வைத்துக்கொண்டு மல்லாடுவார்கள்?

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் திரும்பி வந்து சொன்ன நேரத்தில்தான் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ" என்று ஒரு பெண் குரல். பின்னால் பஸ் இன்ஜின் உறுமியது. "நான் சரியான நம்பருக்குத்தான் போட்டேனான்னு தெரியல. இதுக்கு முன்னாடி ஒருத்தர் தூக்கத்துல எழுப்பிட்டேன்னு திட்டிட்டு வெச்சுட்டார். சாம்பல் கலர் சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர்… உங்க வீட்டுல யாராவது?"

"ஆமாங்க" என்றாள் அண்ணி. மறுபடியும் சொன்னாள். "ஆமாங்க. எங்க மாமாதான். எங்க இருக்கார்?"

"பஸ்ல. எல்லாருக்கும் டிக்கெட் குடுத்துக்கிட்டு இருக்கார்."

பஸ் கடைசி நிறுத்தத்தில் நிற்கும், டிரைவர் காத்திருப்பதாகச் சொல்கிறார் என்று அந்தப் பெண் இடத்தைச் சொன்னாள். மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் ஏறினோம். வழியில் அண்ணன், "டிக்கெட்டா? டிக்கெட்டுக்கு அவர் எங்க போனார்?" என்று ஒரு முறை கேட்டான்.

போய்ப் பார்த்தபோது தெரிந்தது. இப்போது சில பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஏறுகிறவர்கள் வாசலில் இருக்கும் மிஷினில் அட்டையைத் தட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். எங்கள் அப்பா அப்படிக் கண்டக்டர் இல்லாத ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வேலை காலியாக இருந்தது, சேர்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்த நம்பரில் ஒவ்வோர் எண்ணாக நகத்தால் கீறி, ஓரம் தூக்கி, உரித்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார்.

"முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் டிரைவர். "அப்புறம் கை நீட்டி வாங்கிக்கிட்டாங்க. மார்க்கெட் ஸ்டாப்புல கூட்டம் முண்டியடிச்சுது. பெரியவர் ஒரு சத்தம் போட்டார் பாருங்க, அத்தன பேரும் வரிசையா ஏறினாங்க. நான் இத்தன வருஷமா கத்தி நடக்காதது."

போன் செய்த பெண் முன் இருக்கையில் காத்திருந்தாள். ஏதோ ஆஸ்பத்திரியின் துப்புரவுச் சீருடை. இறங்க வேண்டிய இடம் தாண்டியும் இறங்கவில்லை. அவள் விரலிடுக்கில் எங்கள் சிவப்பு ஷீட்டில் வெட்டிய ஓர் ஏழு இருந்தது. "இது நம்பராச்சே, எங்கேர்ந்து எடுக்கிறார்னு சட்டையைப் பார்த்தேன். மத்ததையெல்லாம் வாங்கினவங்க இறங்கிப் போயிட்டாங்க. ஆனா பசை இருந்த இடம் மட்டும் அப்படியே தடம் தெரிஞ்சுது. மூணா எட்டான்னுதான் சந்தேகம். ரெண்டையும் போட்டுப் பார்த்தேன்" என்றாள்.

பசைத் தடம்! ஸ்டிக்கர் பிரிண்டைப் பற்றி வாடிக்கையாளர்கள் சொல்லும் முதல் குறையே அதுதான். எழுத்து போனாலும் அசிங்கமாக அச்சு நிற்கிறது என்பார்கள். அதை எடுக்க அண்ணி என்னென்னவோ திரவமெல்லாம் வாங்கி வைத்திருந்தாள்.

அப்பா பின்வாசல் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் "அப்பா" என்று ஓடினேன். "உள்ள தள்ளி நில்லும்மா, வழிய மறைக்காத" என்றார். தள்ளி நின்றேன்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று அண்ணன் கையை நீட்டினான்.

"மூணு பேர் ஏறிருக்கீங்க. டிக்கெட் எடுத்தாச்சா?" என்றவர் நெஞ்சைத் தடவினார். அங்கே ஒன்றுமில்லை. மறுபடியும் தடவினார். இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துத் தேடினார். "கட்டு தீந்துபோச்சு… செக்கிங் வந்தா என்ன சொல்லுவேன். மூணு பேர் டிக்கெட் இல்லாம நிக்கிறாங்களே." வேலையில் ஒரு நாளும் குறை வைக்காத மனுஷன், அந்த வயதில், யாரோ தண்டிக்கப் போகிறார்கள் என்று எங்கள் முன்னால் நடுங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் பொறுமை இழந்து தோளைப் பிடித்தான். அப்பா உதறினார். ஒரு கால் படியிலிருந்து வழுக்கியது. கம்பியில் ஒரு கைதான். பக்கத்திலேயே இன்னொரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"கைய எடுங்க" என்றாள் அண்ணி. அண்ணன் எடுத்தான்.

அவள் குனிந்து தன் ஏப்ரனைப் பார்த்தாள். நெஞ்சில் சிவப்பு எழுத்தில் அவள் பெயர், கடையின் பெயர். ஓரத்தை நகத்தால் கீறினாள். அவளே அழுத்தியது, லேசில் வருமா? நகம் பிளந்ததுதான் மிச்சம். ஏப்ரன் பையில் கையை விட்டுக் களை ஊசியை எடுத்தாள். அந்த வளைந்த நுனியை முதல் எழுத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு நூல் அளவு ஓரம் தூக்கினாலும் சட்டையைத் தூக்கி எறிபவள், தன் பெயரைத் தானே வேரோடு பிடுங்கி உள்ளங்கையில் அடுக்கி அவரிடம் நீட்டினாள்.

"புதுக் கட்டு வந்துருக்கு மாமா. சரியா இருக்கான்னு பாருங்க."

அப்பா வாங்கினார். விரலால் தட்டி, சீராக்கி, எச்சில் தொட்டு மேல் எழுத்தைப் பிரித்தார். அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. "எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

"இங்கதான் மாமா. இது கடைசி ஸ்டாப். உங்க ட்யூட்டி முடிஞ்சுது."

காலி இருக்கைகளை ஒரு முறை பார்த்தார். யாரும் பாக்கி இல்லை. முதலில் அண்ணியை இறங்கச் சொல்லி, பிறகு தான் இறங்கினார்.

வீட்டுக்கு வந்து அப்பா தூங்கிய பிறகு அண்ணி அந்தச் சட்டையை விளக்கடியில் விரித்துப் போட்டாள். செக்கிங் மேஜைக்காரியின் கண் அப்போதுதான் திரும்பி வந்தது. "துவைச்சு உரிஞ்சிருந்தா ஓரம் சுருண்டிருக்கும். இது சுருளல. நகத்தால கீறியிருக்கார், பாருங்க, துணி நூல்கூட எழும்பியிருக்கு" என்று அண்ணனிடம் காட்டினாள். பிரஸ்மேலும் பழி போட்டு, சலவைமேலும் பழி போட்டு, ஸ்டிக்கரையே தள்ளி வைக்க இருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்து தினமும் நெஞ்சைச் சுரண்டிய விரலை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தச் சட்டைக்கு ஏன் அடம் பிடித்தார் என்பதும் விளங்கியது. மற்ற இரண்டிலும் கிழிக்க டிக்கெட் கிடையாது.

காலையில் செக்ரட்டரியே கூப்பிட்டார். மாமனார் கிடைத்தாரா என்றுதான் முதலில் கேட்டார். நல்ல மனுஷன், நான்தான் மனசுக்குள் கண்டபடி திட்டியிருந்தேன். "கிளப் சின்னம் எல்லாச் சட்டைக்கும் ஒண்ணுதானே, அது ஸ்கிரீன். ஆளுக்கு ஆள் மாறுற பேரும் நம்பரும் ஸ்டிக்கர்" என்றாள் அண்ணி. எதிரில் நின்ற அண்ணன் வலையைக் கழுவப் போனான். முன்னறையில் மேஜையும் பிரஸ்ஸும் இரண்டும் இருக்கின்றன. நடுவில் நாம்தான் பக்கவாட்டில் நுழைய வேண்டும்.

அப்பாவின் சட்டைகளில் இப்போது நம்பர் முதுகில் இருக்கிறது. அண்ணன் ஸ்கிரீனில் இழுத்தது. கைக்கும் எட்டாது, நகத்துக்கும் அசையாது. நெஞ்சிலோ தினமும் காலையில் அண்ணி மீந்த ஷீட்டில் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, வரிசையாக வைத்து, பிரஸ்ஸில் பாதிச் சூட்டில் அழுத்தித் தருகிறாள். ஒட்டியும் ஒட்டாமலும் நிற்க வேண்டும், வயதான நகத்துக்கு லேசாக வர வேண்டும். அந்தப் பக்குவம் பிடிபட அவளுக்குச் சில சட்டை வீணானது. அரைகுறையாக அழுத்திய பிரிண்ட் எங்கள் கடையில் அது ஒன்றுதான். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் டிக்கெட் கிடைக்கும். வாங்காவிட்டால் அண்ணி முறைப்பாள்.

அன்றொரு நாள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா என் முன்னால் வந்து நின்றார்.

"எங்கம்மா போகணும்?"

பொய் சொல்ல வரவில்லை. "எங்க அப்பாகிட்ட" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது இந்த ரூட்ல வராதேம்மா" என்றார். ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு சதுரத்தை உரித்து நீட்டினார். என் கண்ணுக்கு எதிரில் இருந்த ஷீட், ஊசி எதுவும் தெரியவில்லை.

"வாங்கி வெச்சுக்க" என்றாள் அண்ணி, பிரஸ்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே. "செக்கிங் வந்தா மாட்டிக்குவே."